பிரஷர் குளிசை மாறியதும் சோடியம் 118: அம்மாவுக்கு உப்பைக் கூட்ட வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 71 வயது. எடை 44 கிலோ. பத்து வருடமாகப் பிரஷருக்கு லொசார்ட்டன் 50 மில்லிகிராம் குடித்து வந்தவர். இந்த வருடம் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்க மறுத்ததால், சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் அதே லொசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற தண்ணீர்க் குளிசையும் சேர்ந்த கூட்டுக் குளிசைக்கு மாற்றியிருக்கிறார். ஒரே வாரத்தில் 134. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்பதாம் நாள் அம்மாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. அப்புறம் ஓங்காளம், தலையிடி. பதினோராம் நாள் காலை தேங்காய் துருவ உட்கார்ந்தவர், திருவலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "இது என்னத்துக்கு இங்க கிடக்கு?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள் விடியற்காலை குளியலறையில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் சோடியம் 118, பொட்டாசியம் 3.1. ஐந்து நாள் வார்டில் இருந்து, 132-ஓடு வீட்டுக்கு வந்தார். கூட்டுக் குளிசையை நிறுத்தி, அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது நடந்து மூன்று வாரம். பயத்தில் அம்மா எந்தப் பிரஷர் குளிசையையும் தொடுவதில்லை. நேற்று 172/96. மகள் கேட்பவை இவை: "அம்மா வருடக்கணக்காக உப்புக் குறைத்துச் சாப்பிட்டவர். அதனால்தானே உப்பு இறங்கியது? இப்போது கஞ்சியில் உப்பைக் கூட்டிப் போடுகிறேன், தினமும் ஜீவனி கரைத்துக் கொடுக்கிறேன், சரியா? வார்டில் சேலைனை வேகமாக ஏற்றச் சொல்லிக் கெஞ்சினோம், கேட்கவில்லை. ஒரே நாளில் ஐந்து தடவை இரத்தம் எடுத்தார்கள். அது அலட்சியம் இல்லையா? ரொறன்ரோவில் இருக்கும் தம்பி வழக்குப் போடச் சொல்கிறான். தெஹிவளையில் இருக்கும் சின்னம்மாவும் எட்டு வருடமாக இதே தண்ணீர்க் குளிசை குடிக்கிறா, நிறுத்தச் சொல்லவா?"

கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் இரண்டு வரி: "அப்பா போன பிறகு அம்மா ஒன்றரை வருடமாகச் செர்ட்ராலின் குடிக்கிறா. அது வேறு கிளினிக் மருந்து என்பதால் வார்டில் சொல்லவில்லை."

அன்புள்ள சகோதரி,

உங்கள் ஆறு பக்கத்தில் என் கண் போய் நின்றது அந்தக் கடைசி இரண்டு வரியில்தான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். நாளையோ மறுநாளோ அம்மாவுக்குச் சீரம் இலக்ட்ரோலைட்ஸ், கிரியாட்டினின் இரண்டுக்கும் இரத்தம் கொடுங்கள். 132-ஓடு வீட்டுக்கு வந்தவருக்கு மூன்று வாரமாக ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. சாதாரண அளவு லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல். விடை 130-க்குக் கீழே வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபடி பேச்சுத் தடுமாறினால், நடை தள்ளாடினால், தொடர்ந்து சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால் இரத்தத்துக்கே காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

குறைந்தது உப்பா, கூடியது தண்ணீரா?

சொதி உப்புக் கரிக்காமல் சப்பென்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். உப்புப் போட மறந்திருப்போம், இல்லாவிட்டால் தண்ணீரைக் கூட விட்டிருப்போம். லாப் தரும் 118 என்ற எண்ணும் இப்படித்தான். ஒரு லீற்றர் இரத்த நீரில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். உடம்பில் மொத்தமாக எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது சொல்லாது. "சோடியம் குறைவு" என்று கேட்டதும் உப்புப் போத்தலைத் தேடுவது இயல்பு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு நடந்ததில் பெரும் பங்கு தண்ணீருக்கு.

சிறுநீரகம் மேலதிகத் தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டுமானால், முதலில் சிறுநீரிலிருந்து உப்பை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மிச்சம் வெறும் தண்ணீராகக் கழியும். அந்த வேலை நடக்கும் இடங்களில் ஒன்றைத்தான் தயசைட் வகைக் குளிசைகள் பூட்டுகின்றன. உப்பு சிறுநீரோடு போகிறது, அதனால் பிரஷர் இறங்குகிறது. அதற்காகத்தான் அந்தக் குளிசையே. ஆனால் அதே பூட்டு, நீர்த்த சிறுநீரை உண்டாக்கும் திறமையையும் மட்டுப்படுத்திவிடுகிறது. பெயர்தான் "தண்ணீர்க் குளிசை". சிலருக்கு அது உடம்புக்குள் தண்ணீரைத் தேக்கிவிடும். பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். அம்மாவின் 3.1 அங்கிருந்து வந்தது, குறைந்தபட்சம் 3.5 இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாக எழுதிய ஒரு வரி: "சித்திரை வெக்கைக்கு அம்மா ஒழுங்காக மூன்று லீற்றர் தண்ணீர் குடிப்பா, கிட்னிக்கு நல்லது என்று." 44 கிலோ உடம்புக்கு, அந்தக் குளிசையும் உள்ளே இருக்கும்போது, மூன்று லீற்றர் அதிகம். அதோடு, அப்பா போன பிறகு இரவில் பாணும் பிளேன் ரீயும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைச் சிறுநீராக வெளியே கொண்டுபோகச் சிறுநீரகத்துக்கு உப்பும், புரதம் செரித்த கழிவும் வேண்டும். மீனும் பருப்பும் முட்டையும் இல்லாத சாப்பாட்டில் அது கிடைப்பதில்லை. மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் "தேநீரும் ரோஸ்டும்" (வாட்டிய பாண்) என்றே ஒரு பெயர் இருக்கிறது. வெள்ளைக்கார நாட்டில் தனியாக வாழும் வயோதிபப் பெண்களைப் பார்த்து வைத்தது. காலி வீதியில் அது பாணும் பிளேன் ரீயும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே கஞ்சியில் உப்பைக் கூட்டுவதை நிறுத்துங்கள். பிரஷர் 172-இல் நிற்கும் ஒருவருக்கு அது எரிகிற அடுப்பில் விறகு. முன்பு சாப்பிட்ட அளவுக்கே திரும்புங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள். பாண், கருவாடு, ஊறுகாய், சோஸ் எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் கணக்குக்குள் வரும். உப்பே இல்லாமல் சமைக்கவும் தேவையில்லை.

ஜீவனி என்ற ஓ.ஆர்.எஸ். தூள் வயிற்றோட்டத்துக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி கரைத்த ஒரு லீற்றர் ஓ.ஆர்.எஸ். இல் சோடியம் 75 மில்லிமோல்தான். இரத்தத்துக்கு வேண்டியதோ 135. கழிந்த நீரை ஈடு செய்வதற்கு அது அருமையான மருந்து. தண்ணீர் தேங்கியவருக்குத் தினமும் கொடுத்தால் தண்ணீரைத்தான் மேலும் கூட்டுகிறீர்கள். செவ்விளநீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. ஆசைக்கு எப்போதாவது ஒன்று குடிக்கட்டும், சோடியத்துக்கு மருந்தாக வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும், அளவு வைத்துக் கட்டாயப்படுத்த வேண்டாம். இரவில் பாணோடு ஒரு முட்டையோ, பருப்போ, மதியம் வைத்த மீன் குழம்போ சேருங்கள்.

கடைசிப் பக்கத்துக் குளிசை

செர்ட்ராலின் மனச்சோர்வுக்கு நல்ல மருந்து. கணவரை இழந்து, நித்திரையில்லாமல், சாப்பாட்டில் மனம் போகாமல் இருந்த ஒரு பெண்ணை ஒன்றரை வருடம் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் உண்டு. அந்த வகை மருந்துகள் சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹோர்மோனைத் தேவைக்கு மேல் வேலை செய்ய வைக்கும். தயசைட் ஒரு பக்கம் தண்ணீர் போகும் வழியைக் குறுக்குகிறது, செர்ட்ராலின் மறுபக்கம் தண்ணீரைப் பிடி என்கிறது. ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் தராமல் இருந்த குளிசை, புதுக் குளிசை வந்து சேர்ந்த பதினோரு நாளில் கூட்டாளியாகிவிட்டிருக்கலாம்.

தயசைட்டால் சோடியம் இறங்குவது பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் நடக்கும். வயதான, மெலிந்த பெண்களுக்கு ஆபத்து அதிகம். உங்கள் அம்மாவின் கணக்கை எழுதிப் பார்த்தால் வயது, எடை, பொட்டாசியம், மூன்று லீற்றர் தண்ணீர், பாண், செர்ட்ராலின் எல்லாம் ஒரே பக்கத்தில் விழுகின்றன.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே செர்ட்ராலினை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம், நித்திரைக் குழப்பம் வரலாம். பழைய சோகமும் திரும்பலாம். ஏற்கெனவே எல்லாக் குளிசையிலும் பயம் பிடித்திருக்கிற ஒருவருக்கு அது பெரிய இடி. செய்ய வேண்டியது, இரத்தப் பரிசோதனை விடையையும் டயக்னோசிஸ் காட்டையும் எடுத்துக்கொண்டு அந்த மனநல கிளினிக்குக்குப் போவது. 135-க்கு மேல் நிலையாக நின்றால், "தயசைட் இல்லாதபோது இது மட்டும் பிரச்சினை செய்யவில்லை" என்று சொல்லி, அவ்வப்போது இரத்தம் பார்த்துக்கொண்டு தொடரச் சொல்லக்கூடும். 135-க்குக் கீழே நின்றால் அளவைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். மிர்ட்டசபின் என்ற மருந்தில் இந்த ஆபத்து குறைவு, நித்திரைக்கும் உதவும். தெரிவு அந்த வைத்தியருடையது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது தகவலை.

வார்டில் சொல்லாமல் விட்டதற்காக உங்களை நீங்களே நோகடித்துக்கொள்ள வேண்டாம். கொழும்பில் எங்கள் எல்லோருடைய நிலைமையும் இதுதான். பிரஷருக்குச் சனலிங், மனநலத்துக்கு அரசாங்க கிளினிக், முழங்கால் நோவுக்குப் பக்கத்துப் பாமசி. மூன்று இடத்தில் மூன்று கொப்பி. ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. என்னிடம் வரும் வயதானவர்களிடம் "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். பையைக் கொட்டச் சொல்வேன். மேசையில் விழும்: "காலை 1" என்று மட்டும் பேனையால் எழுதிய கடதாசி உறை, கத்தரிக்கோலால் வெட்டியதில் பெயர் போய் "…ரோதயசைட்" என்று பாதி மட்டும் மிஞ்சிய காட், அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கும் நோக் குளிசை. முழங்கால் நோவுக்கு நீங்கள் குறிப்பிட்ட டைக்ளோபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான். அது சோடியத்தையும் இறக்கும், பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும். நோவுக்குப் பரசிட்டமோல் போதுமா என்று முதலில் பாருங்கள். வயிற்றெரிவுக்கு ஒமேப்ரசோல் குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

மெதுவாக ஏற்றியது ஏன்

அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் விபரத்தை வைத்துப் பார்த்தால், அந்த வார்டில் யாரோ மிகக் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள்.

சோடியம் பல நாளாக மெல்ல இறங்கும்போது மூளைச் செல்கள் அதற்கு ஏற்றபடி தம்மைச் சரிப்படுத்திக்கொள்கின்றன. அந்த நிலையில் இரத்தத்தில் சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளைத் தண்டில் நரம்புகளின் உறை அழிந்துபோகலாம். பேச்சுப் போகலாம், விழுங்க முடியாமல் போகலாம், கைகால் விழலாம். இதில் கொடுமை, சோடியம் ஏறிய அன்று நோயாளி தெளிவாகி உட்கார்ந்து கதைப்பார். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அந்தச் சேதம் வெளியே தெரியும். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற விடுவதில்லை. பொட்டாசியமும் குறைந்தவர் என்றால் 8-ஐத் தாண்டாமல் இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார்கள். 118-இல் வந்தவரை முதல் நாள் 126-க்கு மேல் போக விடாமல் வைத்திருப்பது சரியான கணக்கு.

அந்த ஐந்து ஊசியும் இதற்குத்தான். தயசைட்டை நிறுத்தியதும் சிறுநீரகம் சட்டென்று திறந்துகொள்ளும். தேங்கிய தண்ணீர் லீற்றர் லீற்றராக வெளியேறி, சேலைன் இல்லாமலே சோடியம் பாய்ந்து ஏறிவிடலாம். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் அது தெரியாது. அம்மாவின் கையில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து நீங்கள் அழுததை எழுதியிருந்தீர்கள். அந்த நீலம் இதற்குள் மறைந்திருக்கும்.

வலிப்பு வந்திருந்தாலோ, நினைவே இழந்திருந்தாலோ கதை வேறு. அப்போது 3 சதவீத சேலைனைச் சிறு அளவில் வேகமாகக் கொடுத்து முதலில் நாலைந்து மில்லிமோல் ஏற்றுவார்கள், அப்புறம்தான் நிதானம். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கட்டம் வரவில்லை. யாராவது இதையெல்லாம் கட்டிலருகே நின்று ஐந்து நிமிடம் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாதது குறைதான், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

குளிசை இல்லாத மூன்று வாரம்

எனக்கு இப்போது சோடியத்தைவிடப் பயம் தருவது 172/96. சோடியம் இறங்கினால் ஆள் தடுமாறுவது கண்ணுக்குத் தெரியும். பிரஷர் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் பாரிசவாதமாக வரும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உங்களை விழுத்தினது அந்தக் கூட்டுக் குளிசைக்குள்ள இருந்த ஒரு மருந்து. இது வேற சாதி." அம்லோடிபின் சிறுநீரகத்தின் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது, சோடியம் இதனால் இறங்குவது வழமையில்லை. அதன் தொந்தரவு கணுக்கால் வீக்கம். பின்னேரம் செருப்பு இறுகும். அதைப் பார்த்துவிட்டுக் "கிட்னி போயிட்டுது" என்று மறுபடி நிறுத்திவிடுவார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீக்கம் வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்காக யாரும் இன்னொரு தண்ணீர்க் குளிசையைத் தர விடாதீர்கள்.

அம்லோடிபினை இன்றே தொடங்கலாம், அது ஏற்கெனவே எழுதித் தரப்பட்டதுதான். அது மட்டும் போதாவிட்டால் பழைய லொசார்ட்டனைத் தனியாகச் சேர்க்க வேண்டி வரலாம். பத்து வருடம் ஒத்துக்கொண்ட மருந்து அது, ஆனால் கிரியாட்டினினும் பொட்டாசியமும் தெரிந்த பிறகு வைத்தியர் சொல்லட்டும். லொசார்ட்டன் பொட்டாசியத்தைச் சற்றுக் கூட்டும் மருந்து. ஆகவே அதைக் குடிக்கும்போது கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் வீட்டில் பிரஷர் எடுத்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, காலையில் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை. நாடகம் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டாம், அதில் மாமியார் கத்தினால் இங்கே பத்து ஏறும். வீட்டு அளவு சராசரி 135/85-க்குக் கீழே வருவது நல்லது. 180/110-க்கு மேல் நின்றால், அல்லது நெஞ்சு நோவு, ஒரு பக்கம் பலவீனம், வாய் கோணல் வந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு.

தம்பி சொல்லும் வழக்கு

வழக்கைப் பற்றிச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். மருத்துவம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் குளிசையை எழுதியது தவறில்லை. லொசார்ட்டன் மட்டும் போதாதபோது தயசைட்டைச் சேர்ப்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழி. 1950-களின் இறுதியிலிருந்து பாவனையில் இருக்கும் மருந்து வகை. 33,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆல்ஹட் ஆய்வு 2002-இல் வந்தது. அதில் இதே குடும்பத்துக் குளோர்தலிடோன் புதிய மருந்துகளுக்கு ஈடு கொடுத்து நின்றது. 2008-இல் வந்த ஹைவெட் ஆய்வில் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வழியில் வந்த இன்டபமைட் கொடுத்தார்கள், உயிரிழப்புக் குறைந்தது. உங்கள் தம்பி நினைப்பதுபோல் "பழைய நஞ்சை விற்றுவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மாவின் வயதையும் எடையையும் பார்த்து நானாக இருந்தால் அம்லோடிபினைத்தான் முதலில் சேர்த்திருப்பேன். வேறு என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ இலக்ட்ரோலைட்ஸ் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஓங்காளமோ குழப்பமோ வந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கவில்லை என்றால் அது குறைபாடுதான். அதைச் சட்டம் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்பது வேறு விஷயம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மருந்தை ஒரு வயதான அம்மாவுக்கு எழுதினேன். மூன்றாம் வாரம் மகன் வந்து "அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது" என்றார். வயதாகிறதுதானே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வேறொரு வைத்தியர்தான் சோடியத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த அம்மா தப்பிவிட்டார். அந்த மகன் திரும்பி வந்து என்னிடம் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் முதலில் செய்யச் சொல்வது, டயக்னோசிஸ் காட்டின் பிரதியோடு அந்த டொக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால் வைத்தியரைப் பற்றி இலங்கை மருத்துவச் சபைக்கும், தனியார் நிலையத்தைப் பற்றி 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் எழுதலாம். மருந்தின் பக்கவிளைவை மட்டும் பதிவு செய்யத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது, அதை உங்கள் வைத்தியர் மூலம் செய்வது எளிது. எந்த வழி போனாலும் இரத்த அறிக்கைகள், மருந்துத் துண்டுகள், குளிசை வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

சின்னம்மா

நிறுத்தச் சொல்லாதீர்கள். எட்டு வருடம் ஒத்துக்கொண்டவருக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அடுத்த கிளினிக்கில் ஒரு தடவை சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றோட்டம், சத்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் (மழைக்கு டெங்கு வருமே) இவற்றில் ஏதாவது வந்தால் அந்த நாட்களில் குளிசையைத் தொடர்வதா என்று வைத்தியரை உடனே கேட்கட்டும். மனக்கவலைக்கோ வலிப்புக்கோ புது மருந்து தொடங்கினாலும் அப்படியே.

இனி அம்மாவின் கொப்பிக்கு வருவோம். கிளினிக் கொப்பியின் முன் அட்டைக்குள்ளே, ஒவ்வாமை எழுதும் இடத்தில், சிவப்புப் பேனையால் எழுதுங்கள்: "ஹைட்ரோகுளோரோதயசைட்: சோடியம் 118. தயசைட் வகை எதுவும் வேண்டாம். இன்டபமைட், குளோர்தலிடோன் உட்பட." இது ஒவ்வாமை இல்லை, ஆனால் வைத்தியர்களின் கண் முதலில் போகும் இடம் அதுதான். ஒருமுறை இப்படி நடந்தவருக்கு மறுபடி கொடுத்தால் மறுபடியும் நடக்கக்கூடும். இரண்டாவது கொப்பியிலும் எழுதுங்கள், மனநல கிளினிக் கொப்பியிலும் எழுதுங்கள். கூட்டுக் குளிசைகளின் பெயருக்குப் பின்னால் எச், எச்.சி.ரி. என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் உள்ளே இது இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். பாமசியில் "இது இல்லை, ஆனால் இதே மாதிரி" என்று வேறு பெட்டியை எடுத்து நீட்டினால் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். காட்டை வெட்டித் தரும்போது பெயர் இருக்கும் பக்கத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், குளிர்சாதனப் பெட்டியின் மேல் மிச்சம் இருப்பதாக எழுதிய அந்த மூன்று காட். "காசு கொடுத்து வாங்கியது, சின்னம்மாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னம்மாவினுடையது வெறும் தயசைட், உங்களிடம் இருப்பதில் லொசார்ட்டனும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. அம்மாவின் கைக்கு எட்டாதபடி இன்றைக்கே எடுத்து, அடுத்த முறை பாமசிக்குப் போகும்போது கொண்டுபோய் "இதை அப்புறப்படுத்த முடியுமா?" என்று கேளுங்கள்.